அப்பா இரண்டு மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். நடக்க விடுவதா, உட்கார வைப்பதா?

நடுமகள்:

அப்பாவுக்கு வயது 78. போன மாதம் ஒரு தடவை, முந்தாநாள் ஒரு தடவை, இரண்டும் இரவில் கழிவறைக்குப் போகும்போது. முதல் தடவை முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இரண்டாவது தடவை கழிவறைக்குள் தடுமாறித் துண்டு போடும் கம்பியைப் பிடித்திருக்கிறார், அது திருகாணியோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. நெற்றியில் நான்கு தையல். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை.

இப்போது வீட்டில் தினமும் சண்டை. இனிமேல் அப்பா தனியாக எழுந்திருக்கவே கூடாது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி வைத்துவிடுவோம், அடித்தால் யாராவது போவோம் என்கிறார் அண்ணன். அம்மா இரவில் டயப்பர் கட்டிவிடலாம் என்றார், அதைக் கேட்டதிலிருந்து அப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. "கால் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான், இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்" என்று ஒரே பதில். ஆனால் சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான்தான். தரை காய்ந்து கிடந்தது.

சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மூன்று மாதமாகப் புதிதாக ஒன்று, தூக்கம் வராவிட்டால் எப்போதாவது அரை மாத்திரை. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம். பகலில் நன்றாகத்தான் நடக்கிறார்.

கைப்பிடி எங்கே போடுவது என்று கேட்கத்தான் வந்தேன். எழுத எழுத, அண்ணன் சொல்வது சரியா தப்பா என்பதுதான் என் கேள்வி என்று தோன்றுகிறது.

படிக்கட்டு:

20 வருடமாக வயதானவர்களை எழுப்பி நடக்கவைப்பதுதான் என் பிழைப்பு, பிசியோதெரபி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அவர் சொல்கிறபடி செய்தால் அப்பா விழுவது சில மாதம் தள்ளிப்போகும், அப்புறம் இதைவிட மோசமாக விழுவார். நாற்காலியிலிருந்து எழும்போது உடம்பைத் தூக்குவது தொடையின் முன்தசை, இந்த வயதில் பத்து நாள் படுக்கையில் கிடந்தாலே அது வற்றிவிடும், திரும்ப ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். தனியாக எழாதே எழாதே என்று சொல்லப்பட்டவர் கொஞ்ச நாளில் எழவே முடியாதவராகிவிடுவார். ஒரு நாள் மணியடித்தும் யாரும் வராதபோது, அந்தக் காலை வைத்துக்கொண்டு எழுவார்.

கைப்பிடிக்கு வருவதற்கு முன் ஒன்று. "வழுக்கிவிட்டது" என்பது பல சமயம் விழுந்தவர் தனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அதனால் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதே பதில்தான் வரும். எழுந்தபின் எத்தனை அடி வைத்தீர்கள், கண் இருட்டியதா, எந்தப் பக்கம் சாய்ந்தீர்கள், தரையில் மோதிய கணம் ஞாபகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக, விசாரணை மாதிரி இல்லாமல், வேறு பேச்சுக்கு நடுவே கேளுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மோதிய கணம் ஞாபகமே இல்லை என்றால் அது தடுமாற்றமாக இல்லாமல் மயக்கமாக இருக்கலாம், அப்படியானால் ஈசிஜி எடுத்து இதயத்தைப் பார்த்தாக வேண்டும்.

கட்டிலை விட்டு எழுந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் என்றால் ரத்த அழுத்தத்தைச் சந்தேகப்படுங்கள். படுக்கையில் புரளும்போதே அறை சுற்றுகிறது என்றால் உள்காது, அதற்குத் தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறை இருக்கிறது, நிறையப் பேருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே அடங்கிவிடும். இருட்டில் மட்டும் தள்ளாட்டம் என்றால் பாதம். 15 வருடச் சர்க்கரையில் உள்ளங்காலின் உணர்ச்சி மங்கியிருக்கலாம், பகலில் கண் அதை ஈடுகட்டிவிடும், இரவில் விளக்கைப் போடாமல் நடக்கும்போது கண்ணும் இல்லை காலும் இல்லை. முகம் கழுவக் கண்ணை மூடுகிறாரே, அப்போது உடம்பு ஆடுகிறதா என்று ஓரமாக நின்று பாருங்கள். பகலில் நன்றாக நடக்கிறார் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இதுதான் முதலில் தோன்றியது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடிக்குக் குறையாமல் ஆகிறது என்றால் விழும் வாய்ப்பு அதிகம். அப்புறம் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். அவர் வயது ஆணுக்கு 11க்குக் கீழே போனால் கால் பலவீனம் என்று கணக்கு. இரண்டுக்கும் நீங்கள் கை நீட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

சரி, கைப்பிடி. துண்டுக் கம்பி துண்டைத் தாங்கத்தான், ஆளைத் தாங்க இல்லை. விழும் மனிதர் எதையும் யோசித்துப் பிடிப்பதில்லை, கைக்கு எட்டியதைப் பிடிப்பார், ஆகவே எட்டும் இடத்தில் இருக்கும் எல்லாமே எடையைத் தாங்கியாக வேண்டும். அவரையே கழிவறைக்குள் விட்டு, உட்காரும்போதும் எழும்போதும் கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அங்கே பென்சிலால் குறி வையுங்கள். கைப்பிடியின் இடம் அதுதான். உறுதியான சுவரில் சரியான ஆழத்துக்குத் துளைபோட்டு இறுக்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகை வேண்டவே வேண்டாம், எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. தரைவிரிப்பு எதை வாங்குவது என்று தேடாதீர்கள், இருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

இரவுமருந்து:

இரவுப் பணிச் செவிலியர். மேலே சொன்னதில் ரத்த அழுத்தத்தை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன், உங்கள் மாத்திரை விவரத்தைப் படித்ததும் அதுதான் உறுத்தியது. ப்ராஸ்டேட் மாத்திரை மூன்று மாதமாக, விழுவது இரண்டு மாதமாக. அது டாம்சுலோசின் மாதிரி ஆல்பா பிளாக்கர் வகையாக இருந்தால், சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்துவதோடு ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்தும். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது, குழாய்கள் சட்டென்று சுருங்கி அதை மேலே அனுப்ப வேண்டும். வயதானால் அந்தச் சுருக்கமே மெதுவாகிவிடும், சர்க்கரை நரம்புகளைத் தொட்டிருந்தால் இன்னும் மெது, அதற்கு மேல் மூன்று மாத்திரை சேர்ந்து சுருங்க விடாமல் பிடித்துக்கொண்டால் மூளைக்கு ரத்தம் சில வினாடி குறைகிறது. அந்தச் சில வினாடியில்தான் அவர் கழிவறை வாசலில் இருக்கிறார்.

வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கும். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை பாருங்கள், எழுந்து நின்ற 1 நிமிடத்தில் ஒரு தடவை, 3 நிமிடத்தில் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இது சிக்காது. காலையில் எழுந்ததும் ஒரு நாள், இரவு மாத்திரை போட்டபின் ஒரு நாள் பாருங்கள், இரண்டும் வேறு வேறு மாதிரி வரலாம்.

அந்த "எப்போதாவது அரை மாத்திரை", விழுந்த இரண்டு இரவிலும் போட்டிருந்தாரா? இருமல், சளி என்று கடையில் வாங்கிய மருந்து ஏதாவது? பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் ஆளை மந்தமாக்கித் தள்ளாடவைக்கும், அதையெல்லாம் யாரும் மருந்தாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் இருக்கும் அத்தனை அட்டையையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தூக்க மாத்திரையில் சில வகைகளைத் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் அதுவே வேறு ஆபத்து.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால் ஒவ்வொரு தலையடியும் அவசரம்தான், அன்றைக்குச் சிரித்துப் பேசினாலும் சரி. எடுக்காவிட்டாலும், ஸ்கேன் நன்றாக இருந்தாலும், அடுத்த சில வாரங்களில் புதிதாகத் தலைவலி, குழப்பம், எப்போதும் தூக்கம், ஒரு பக்கம் கால் இழுப்பது என்று எது தெரிந்தாலும் திரும்பப் போங்கள். மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து தாமதமாக வெளிப்படுவது உண்டு.

இன்னொன்று, ஆண்கள் இரவில் நின்றுகொண்டு சிறுநீர் கழிப்பதை விட்டால் பாதி வம்பு தீரும். உட்கார்ந்து போகட்டும். எழுவதற்கு முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழட்டும்.

கசப்பு:

எல்லோரும் நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள். என் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து, திரும்ப நடக்காமலே எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, விழுந்து இறப்பவர்கள் வருடத்துக்கு 6,84,000 பேர், தற்செயல் காயங்களால் வரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம். நாங்களும் "நடக்கட்டும், நடந்தால்தான் நல்லது" என்றுதான் விட்டோம். நெற்றியில் நான்கு தையலோடு தப்பியிருக்கிறார், மூன்றாவது தடவை என்ன ஆகும்? அண்ணன் சொல்வதுதான் சரி. ரோஷம் பார்த்தால் முடியாது. டயப்பர் ஒன்றும் அவமானம் இல்லை.

படிக்கட்டு:

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், நீங்கள் சொல்வதைத் தள்ளிவிடவும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்த வயதானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார், அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் நானும் இந்த வேலையில் இருக்கிறேன். ஆனால் "நடக்கட்டும்" என்று சும்மா விடுவது ஒன்று, நடக்கும் காலைத் தயார்செய்து விடுவது இன்னொன்று. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019ஆம் வருடத் தொகுப்பாய்வு 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி விழுவதைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது என்றது, அதிலும் சமநிலைப் பயிற்சிதான் முக்கியம். வெறும் நடைப்பயிற்சி மட்டும் அதற்குப் போதாது. சமையல் மேடை மாதிரி அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொன்றை வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சித் திட்டம் கிட்டத்தட்ட இதேதான், வாரத்துக்கு மூன்று நாள், வீட்டிலேயே, கஷ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே. பலன் தெரிய மாதங்கள் ஆகும், யாராவது இரண்டு வாரத்தில் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த இடைவெளியில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. இரவுக்கு மட்டும், டாக்டரைப் பார்க்கும் வரை, கட்டிலோரத்தில் சிறுநீர்க் குடுவை வைத்துக்கொள்ளட்டும், கட்டிலில் உட்கார்ந்தபடியே. டயப்பர் என்றால் முகம் திருப்பிக்கொள்ளும் பல ஆண்கள் குடுவைக்குச் சம்மதிக்கிறார்கள், ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

எழுபத்தாறு:

வணக்கம் அம்மா. எனக்கு வயது என் பெயரிலேயே இருக்கிறது. இங்கே எல்லோரும் உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர் இடத்திலிருந்து ஒரு ஆள் பேசட்டும் என்று எழுதுகிறேன்.

நான் முதல் தடவை விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை. இரண்டாவதையும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அடுத்த நாள் வண்டிச் சாவி போகும், அதற்கடுத்த வாரம் மாடிக்குப் போகாதே என்பார்கள், அப்புறம் குளியலறைக் கதவைத் தாழ் போடாதே என்பார்கள். விழுந்த வலியைவிட அந்தப் பட்டியல் நீளம். உங்கள் அப்பா வழுக்கிவிட்டது என்று ஏன் சொல்கிறார் என்றால், வழுக்கினால் தப்பு தரையுடையது. தலை சுற்றியது என்று சொல்லிவிட்டால் தப்பு அவருடையதாகிவிடும், அவர் அப்படித்தான் நினைப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது தடவை மறைக்க முடியவில்லை. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் விழுந்தேன், எலும்பு ஒன்றும் உடையவில்லை, ஆனால் எழ முடியவில்லை. செல்போன் மேசை மேல். இரண்டரை மணி நேரம் தரையில் கிடந்தேன் அம்மா. கட்டிலுக்கு அடியில் காணாமல்போன ஒரு செருப்பு கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். தரைக் குளிர் முதுகில் ஏறியது. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் விழுந்ததற்காக இல்லை, எழத் தெரியவில்லையே என்பதற்காக.

அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிப் பெண் எனக்குத் தரையிலிருந்து எழக் கற்றுக்கொடுத்தார். சிரிக்காதீர்கள், அதற்கும் முறை இருக்கிறது. விழுந்ததும் உடனே எழக்கூடாது, மூச்சை விட்டுக்கொண்டு கை கால் எல்லாம் அசைகிறதா, எங்காவது கடும் வலியா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தால், வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அசையாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, அப்புறம் கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து ஒரு கனமான நாற்காலிக்குப் போக வேண்டும். இரண்டு கையையும் அதன் இருக்கையில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, உந்தி எழுந்து, இடுப்பைத் திருப்பி அதிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். நிற்க முயலக் கூடாது, உட்கார வேண்டும். நான் மெத்தை மேல் வாரம் ஒரு தடவை ஒத்திகை பார்க்கிறேன், பேத்தி கைதட்டுகிறாள்.

உங்கள் அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். யாராவது விழுந்தால் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. என் மகன் அப்படித்தான் தூக்கினான், தோள்பட்டை ஆறு வாரம் வலித்தது.

கைத்தடி எனக்கு இருக்கிறது, ஆனால் ஒரு வருடம் தப்பான கையில் பிடித்துக்கொண்டு திரிந்தேன். வலி இருக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டுமாம். உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். நான் என் தம்பியின் தடியை அப்படியே வாங்கி வைத்திருந்தேன், அவன் என்னைவிட அரை அடி உயரம்.

நடுமகள்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

இரவு மாத்திரை போட்டபின் அழுத்தம் பார்த்தேன். படுத்திருக்கும்போது 138/80. நின்ற 1 நிமிடத்தில் 112/70. 3 நிமிடத்தில் 108/68, அப்போது "போதும், உட்காருகிறேன்" என்றார், முகம் வெளுத்திருந்தது. அந்த எண்களை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன், அவர் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். அழுத்த மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார், ப்ராஸ்டேட் மாத்திரையைப் பற்றிச் சிறுநீரக மருத்துவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அரைத் தூக்க மாத்திரை இரண்டு இரவிலும் போட்டிருந்தார், "எப்போதாவது" என்பது வாரத்துக்கு நான்கு நாள் என்று அட்டையை எண்ணியபோதுதான் தெரிந்தது. அதைப் படிப்படியாக நிறுத்த ஒரு அட்டவணை போட்டுக்கொடுத்திருக்கிறார். உறைதலுக்கு மருந்து எதுவும் இல்லை.

குடுவைக்குச் சம்மதித்துவிட்டார். கைப்பிடி அவர் கை போன இடத்தில், அவரே பென்சிலால் குறித்தார், நான் நினைத்திருந்ததற்கு ஒரு சாண் கீழே. நாற்காலியிலிருந்து எழுவது முதல் நாள் 7 தடவை, இப்போது 9.

எழுபத்தாறு ஐயா, உங்கள் பதிலை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் செருப்பைத் தேடும்போது, நான் கேட்காமலே, "மூன்று தடவை" என்றார். நடுவில் ஒன்று யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது, பட்டப் பகலில், வாசலில். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டு, திரும்பும்போது விழுந்தாராம். அது ரத்த அழுத்தக் கணக்கில் வரவில்லையே என்று குழப்பமாக இருக்கிறது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

படிக்கட்டு:

வந்தாலும் வரலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். விழுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை. பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று 1997இலேயே சுவீடனில் கவனித்து எழுதியிருக்கிறார்கள், கவனம் இரண்டாகப் பிரிந்தால் கால் தடுமாறுகிறது. திரும்புவதும் எல்லோருக்கும் கடினம், ஒரே காலில் சுழலாமல் நாலைந்து சின்ன அடியாக வைத்துத் திரும்பப் பழக்குங்கள். ஒன்று கேட்டுச் சொல்லுங்கள், வாசலில் எந்தப் பக்கம் திரும்பும்போது விழுந்தார்? அங்கே படி ஏதாவது இருக்கிறதா?

நடுமகள்:

கேட்டுவிட்டு வந்தேன். இடப்பக்கம். அங்கே அரைச் சாண் உயரத்தில் ஒரு படி, தரையும் படியும் ஒரே சாம்பல் நிறம். படியைப் பார்க்கவே இல்லை என்கிறார். அந்தப் பக்கத்துக் கண்ணின் புரையைத்தான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.